ஸ்பா பாத்ரூம் பேக்கேஜ்: ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் படிக்கவும்

மண்டபம், உச்சிப்புளி, பெரியபட்டினம், கீழக்கரை என்று நம் கடற்கரை ஊர்களில் இப்போது ஒரு புது வியாபாரம் ஓடுகிறது. "ஓட்டல் ஸ்பா மாதிரி பாத்ரூம், உங்கள் வீட்டிலேயே" என்று ரீல்ஸ் போடுகிறார்கள். கறுப்புக் குழாய், கூரையிலிருந்து மழையாகக் கொட்டும் ஷவர், கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சள் வெளிச்சம், காலடியில் கூழாங்கல், மூலையில் ஒரு மூங்கில் செடி. பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். வெளிநாட்டில் சம்பாதிக்கிற ஆள் இருக்கும் வீடுகளாகப் பார்த்துத்தான் வருகிறார்கள். என் வீட்டுக்காரர் கத்தாரில் இருக்கிறார், எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். 3,40,000 ரூபாய் பேக்கேஜ். கடை மதுரையில். பெயரை இங்கே போடவில்லை, நுகர்வோர் ஆணையத்தில் மனு நிலுவையில் இருக்கிறது. அதோடு, இதே பேக்கேஜை வேறு பெயர்களில் விற்கிறவர்களும் இருக்கிறார்கள் என்பதால் பெயரைவிட விஷயம்தான் முக்கியம்.

எங்கள் வீடு மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில். வடக்கே போனாலும் கடல், தெற்கே போனாலும் கடல். போர் தண்ணியை வாயில் வைக்க முடியாது. தண்ணியில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை விட்டால் லிட்டருக்கு 4,000 மில்லிகிராமை ஒட்டி நிற்கும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் 500 வரை நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை என்று வைத்திருக்கிறார்கள். அதற்கு இது எங்கேயோ இருக்கிறது. குளிக்கவும் துவைக்கவும் எங்களுக்கு அந்தத் தண்ணிதான். குடிக்கக் காவிரித் தண்ணி, அது வராத நாளில் குடம் கணக்கில் விலைக்கு வாங்குகிறோம்.

அளவெடுக்க வந்த தம்பியிடம் இதையெல்லாம் முதலிலேயே சொன்னேன். டேங்க் தண்ணியை ஒரு டம்ளரில் பிடித்தும் கொடுத்தேன். நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, நம்ம மெட்டீரியல் எல்லாம் கோஸ்டல் கிரேடு. உப்பு ஒண்ணும் பண்ணாது, கவலையே படாதீங்க" என்றார். 'கோஸ்டல் கிரேடு' என்ற வார்த்தை அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கொட்டேஷனிலும் இருக்கிறது. குழாய்கள் முழுப் பித்தளை, கைப்பிடியும் துண்டுக் கம்பியும் 304 ஸ்டீல், சிங்க்குக்குக் கீழே மரைன் பிளை அலமாரி, கூரைக்கு ஈரம் தாங்கும் போர்டு. எழுத்தில் அத்தனையும் அழகாக இருக்கிறது.

வேலை தொடங்கும் முன்பே எழுபது சதவீதப் பணம் வாங்கிக்கொண்டார்கள். பில் கேட்டதற்கு, "பில் போட்டா ஜி.எஸ்.டி. 18 சதவீதம் கூடுமே அக்கா, உங்களுக்குத்தானே நஷ்டம்" என்று எங்கள் மேல் இரக்கப்பட்டு ஒரு பதில். விடாமல் கேட்டதும், வேலை முடிந்ததும் தருகிறேன் என்றார். இன்றுவரை தரவில்லை.

ஷவர் முதல் நாளே பல்லைக் காட்டியது. 12 அங்குல அகல ஷவர் அது. எங்கள் டேங்க் மொட்டை மாடியில் ஒரு சின்னத் திண்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது, ஷவருக்கும் அதற்கும் நடுவே பத்தடி உயரம் இருந்தால் அதிகம். பத்து மீட்டர் உயரத்துக்குத்தான் ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். பத்தடிக்குக் கிடைப்பது 0.3 பார். அந்த அழுத்தத்துக்கு அவ்வளவு பெரிய ஷவரில் மழை பெய்யாது, நடுவில் மட்டும் ஒழுகும். மாடிக்குப் போய் டேங்கைப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு போன ஆளுக்கு இது தெரியாமலா இருக்கும்? ஷவரை மாட்டி முடித்த பிறகு, "பிரஷர் பம்ப் ஒண்ணு போட்டுட்டா சரியாயிடும் அக்கா" என்று தனியாக 22,000 கேட்டார். அப்புறம்தான் புரிந்தது, பேக்கேஜ் என்பது வெறும் தூண்டில்.

அடுத்து சாஃப்ட்னர். தண்ணியின் உப்பையே எடுத்துவிடும், குளித்தால் ஆற்றில் குளித்தது போல இருக்கும் என்று சொல்லி, பம்ப்புடன் சேர்த்து அதையும் தலையில் கட்டப் பார்த்தார். விலை 48,000. இது சுத்தப் பொய். சாஃப்ட்னர் செய்வது ஒரே வேலை. தண்ணியில் இருக்கும் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு அவற்றுக்குப் பதிலாகச் சோடியத்தை விடும். கல் கட்டுவது குறையும், சோப்பு நுரைக்கும், அதோடு சரி. உப்புக் கரிப்பு அப்படியே இருக்கும், டி.டி.எஸ். மீட்டரும் அசையாது. உப்பு போக வேண்டுமென்றால் ஆர்.ஓ. வேண்டும். நம் மாவட்டத்திலேயே நரிப்பையூரில் கடல் தண்ணியைக் குடிநீராக்க அரசு வைத்தது ஆர்.ஓ. ஆலைதான், சாஃப்ட்னர் இல்லை. பள்ளிக்கூடத்தில் வேதியியல் எடுக்கிறேன் என்பதால் இதில் நான் தப்பித்தேன். ஆனால் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் மாட்டியிருக்கிறார்கள். அந்த அம்மா இன்னமும் உப்புத் தண்ணியில்தான் குளிக்கிறார், மாதாமாதம் அந்த மெஷினுக்கு உப்பு மூட்டையும் வாங்கிப் போடுகிறார்.

இனி 'கோஸ்டல் கிரேடு' கதைக்கு வருகிறேன். தெற்கே கடலிலிருந்து வரும் சோழகக் காற்று தொடங்கியதும் எல்லாம் வெளியே வந்தது. துண்டுக் கம்பியில் முதலில் டீக்கறை போலப் புள்ளிகள். பிறகு திருகாணி தலைகளிலிருந்து டைல்ஸ் மேல் பழுப்புக் கோடு இறங்கியது. கறுப்புக் குழாயின் அடியில், வாஷ்பேசினைத் தொடும் இடத்தில், பெயிண்ட் கொப்பளித்துக் கிளம்பியது. நகத்தால் நெருடினால் செதிலாக வந்தது. உள்ளே பித்தளையின் மஞ்சளைக் காணோம், சாம்பல் நிறத்தில் வெள்ளை மாவு பூத்த ஏதோ ஒன்று.

என் கொழுந்தன் பாம்பனில் போட்டுகளுக்கு ஃபிட்டிங் வேலை பார்க்கிறவர். கம்பியைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "மதினி, இது கடலைக் கண்ணால பார்த்திருக்காது" என்றார். அவர் பட்டறையில் ஸ்டீல் சோதிக்கும் சொட்டு மருந்து இருக்கிறது. ஒரு சொட்டு விட்டுப் பார்த்து 202 ரகம் என்று சொன்னார். 304 ஸ்டீலில் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். விலையைக் குறைக்க நிக்கலைக் கணிசமாகக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டியதுதான் 202. கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஊர்களில் இது பளபளவென்றுதான் இருக்கும், உப்புக் காற்றில் நிற்காது. உண்மையில் கடலோரத்துக்கு 304-கூடக் கறை பிடிக்கும், 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்த 316-தான் தாங்கும் என்று கொழுந்தன் சொன்னார். அப்படியென்றால் கொட்டேஷனில் எழுதியிருந்ததே கோஸ்டல் கிரேடு இல்லை, அதையும் அவர்கள் கொடுக்கவில்லை. ஏமாற்றுக்குள் ஒரு ஏமாற்று.

குழாய் துத்தநாகக் கலவை. பித்தளைதானா என்று பார்க்கச் சுவருக்குள் போகும் மரைப் பக்கத்தைக் கத்தி முனையால் லேசாகக் கீறினால் போதும். மஞ்சள் தெரிந்தால் பித்தளை. காந்தம் வைத்துப் பார்ப்பது இதற்கு உதவாது, இரண்டிலுமே ஒட்டாது. கையில் தூக்கினால் பித்தளை நல்ல கனம் கனக்கும்.

1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தைத் துருவிடமிருந்து காப்பாற்றவே ரயில்வே காலமெல்லாம் பெயிண்ட் அடித்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருவைத் தாங்கவென்றே பாலிசைலாக்ஸேன் பெயிண்ட் பூசியிருக்கிறார்கள். அந்தப் பாலத்துக்கு இந்தப் பக்கம் குடியிருக்கிறவர்களிடம் வந்து, உப்பு ஒன்றும் பண்ணாது என்று சொல்வதற்குத் தனித் தைரியம் வேண்டும்.

அலமாரியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மரைன் பிளை என்றால் ஐ.எஸ். 710 முத்திரை பலகையிலேயே இருக்க வேண்டும். எங்களுடையதில் லேமினேட்டுக்குள் இருந்தது மரத்தூளை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப்., டீயில் நனைத்த வர்க்கியாக அடிப்பக்கம் ஊறி உதிர்ந்துவிட்டது. கூரைக்குப் போட்டது சாதாரண ஜிப்சம் போர்டு. அதன் தகரச் சட்டம் துருப்பிடித்து, குளிக்கும்போது தலையில் பழுப்புச் சொட்டு விழும். கண்ணாடி ஓரம் கறுத்தது. கூழாங்கல் இடுக்கில் பாசி. மூங்கில் செடி பிளாஸ்டிக், அது மட்டும் நன்றாக இருக்கிறது.

ஆனால் இந்தப் பதிவை எழுத வைத்தது இவை எதுவும் இல்லை. கண்ணாடிக்குப் பின்னாலும் ஷவர் மாடத்திலும் வைத்த அந்த மஞ்சள் வெளிச்சம்தான்.

ஒரு நாள் மாலை என் மாமியார் குளித்துவிட்டு, ஈரக் கையோடு மாடத்தின் உலோக விளிம்பைப் பிடித்து எழுந்திருக்கிறார். கை சுருக்கென்று இழுத்திருக்கிறது. மூட்டு வலிதான் போலிருக்கிறது என்று நினைத்து எங்களிடம் சொல்லவே இல்லை. அடுத்த தடவை என் மகள் தொட்டுவிட்டுக் கத்தியபோதுதான் தெரிந்தது. ஊர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கண்ணாடியைக் கழற்றினோம். உள்ளே இருந்தது கல்யாண வீட்டு வாசலில் சுற்றுவார்களே, நேராக 230 வோல்ட்டில் எரியும் அந்த ரோல் லைட். ஜாயின்ட்டில் இன்சுலேஷன் டேப் மட்டும் சுற்றி, நீராவி அடிக்கும் இடத்தில் விட்டிருக்கிறார்கள். எர்த் கம்பி கொடுக்கவே இல்லை. பாத்ரூம் லைனை எங்கள் வீட்டு மெயினில் இருந்த ஆர்.சி.சி.பி. என்ற மின்கசிவுப் பாதுகாப்புக் கருவிக்கு முன்னாலிருந்தே எடுத்திருந்தார்கள். ஏன் அப்படி என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டேன். "ஆர்.சி.சி.பி. வழியா கொடுத்திருந்தா அடிக்கடி டிரிப் ஆகும் அக்கா, நீங்க போன் பண்ணுவீங்க. அதான்" என்றார்.

30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே லைனை அறுத்து உயிரைக் காப்பாற்றும் கருவி அது. தங்களுக்கு போன் வரக்கூடாது என்பதற்காக அதைத் தாண்டி லைன் எடுத்திருக்கிறார்கள். மட்டமான குழாயைத் திருட்டு என்று சொல்லலாம். இதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

குளிக்கும் இடத்தில் இப்படி வெளிச்சம் வேண்டுமென்றால் 12 வோல்ட் பட்டை, தண்ணீர் புகாத ஐ.பி. 65 அல்லது அதற்கு மேல், டிரான்ஸ்ஃபார்மர் பாத்ரூமுக்கு வெளியே. இதுதான் முறை. செலவு வித்தியாசம் சில ஆயிரங்கள்தான். உங்கள் வீட்டில் ஏற்கெனவே இந்த பேக்கேஜ் போட்டிருந்தால் மற்றதெல்லாம் கிடக்கட்டும், இன்றைக்கே மெயினை அணைத்துவிட்டு ஒரு எலக்ட்ரீஷியனை வைத்துக் கண்ணாடிக்குப் பின்னால் பாருங்கள்.

போன் செய்தால் முதலில் எடுத்தார்கள். "உங்க ஊர் தண்ணி அப்படி அக்கா, நாங்க என்ன பண்றது?" என்றார் அதே தம்பி. டம்ளரில் வாங்கிக் குடித்துப் பார்த்த தண்ணிதானே தம்பி என்று கேட்டதும் லைன் கட். பிறகு என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள்.

சரி, சட்டப்படி என்ன செய்யலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடை மதுரையில் இருக்கிறதே, அங்கே அலைய வேண்டுமே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம், அதற்கு முன் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கு போன் செய்து ஒரு புகார் எண் வாங்கிக்கொள்வது நல்லது. பில் இல்லையே என்று தயங்கவும் வேண்டாம். பில் தராமல் இருப்பதையே முறையற்ற வணிகம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. எங்களிடம் இருந்தது வாட்ஸ்அப் கொட்டேஷன், ஜிபே ரசீதுகள், கழற்றிய சாமான்கள், எலக்ட்ரீஷியன் எழுதிக் கொடுத்த தாள். மனு ஏற்கப்பட்டது.

பாத்ரூமைப் பாதிக்கு மேல் பிரித்துவிட்டோம். இப்போது இருப்பது கை அகல ஷவர், குரோம் பூசிய பித்தளைக் குழாய், பி.வி.சி. கூரை, வழுக்காத டைல்ஸ், ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். துண்டுக்குப் பனை ஓலைக் கொட்டான் வைத்திருக்கிறேன், பூசணம் பிடிக்காமல் இருக்க அவ்வப்போது வெயிலில் காய வைக்க வேண்டும். ஜன்னலில் ஒரு பிடி வெட்டிவேர். மாமியார் இதைத்தான் நன்றாக இருக்கிறது என்கிறார்.

வேலை பாதியில் இருப்பவர்கள் கடைசித் தவணையைக் கையில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். தரையின் ஓட்டையை அடைத்து ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தேக்கி, அடுத்த அறைச் சுவரில் ஈரம் வருகிறதா என்று பாருங்கள். எங்கள் வீட்டில் அதைச் செய்யவே விடவில்லை, டைல்ஸ் பசை காயவில்லை என்று சாக்குச் சொன்னார்கள். படுக்கையறைச் சுவரில் இப்போது உப்புப் பூத்திருக்கிறது, அதுவும் மனுவில் சேர்ந்திருக்கிறது. இதே மாதிரி பேக்கேஜில் பணம் போட்டவர்கள் கமெண்ட்டில் ஊர் பெயரை மட்டும் எழுதுங்கள், கடை பெயர் வேண்டாம். நானே தொடர்பு கொள்கிறேன். ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் சேர்ந்தும் மனு போட வழியிருக்கிறது.