குளுவானி ஏரிக்கு ஆர்வி எடுக்கிறவர்கள் கவனம்: 1,840 டொலர் சுத்துமாத்து

ஆர்வி என்றால் படுக்கை, அடுப்போடு உள்ள முகாம் வண்டி. அதை வாடகைக்கு எடுத்த தளத்திடமிருந்து இன்று காலை கடைசி மின்னஞ்சல் வந்தது. "உங்கள் முறைப்பாடு மூடப்பட்டுள்ளது." 1,840 கனடா டொலர், தளத்திடமிருந்து இனித் திரும்பி வராது. சூடு ஆறுமுன் எழுதிவிடுகிறேன். ஆறினால் மரியாதையாக எழுதிவிடுவேன்.

தளத்தின் பெயரை இங்கே போடவில்லை. ஆட்கள் தங்கள் சொந்த ஆர்வியை வாடகைக்கு விட, நடுவில் நின்று கொமிஷன் எடுக்கிற வகைத் தளம். வண்டி 24 அடி, சீ கிளாஸ் (வான் முகப்புக்குப் பின்னால் வீட்டைப் பொருத்திய வகை), வைற்ஹோர்ஸில் எடுத்தது. போன இடம் கனடாவின் வடமேற்கில் உள்ள யூக்கோனின் குளுவானி ஏரி. அலாஸ்கா நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் கொங்டன் கிறீக் முகாமில் இரண்டு இரவு, ஓகஸ்ட் கடைசியில்.

அங்கே ஏன் கூடாரம் போதாது என்று தெரியாதவர்களுக்கு: கரையோரம் முழுக்க சோப்புபெரிப் பற்றைகள். பழம் பழுக்கிற காலத்தில் கரடிகள் அதைத் தின்ன முகாமுக்குள்ளேயே வரும். அந்த நாட்களில் துணிச் சுவர் உள்ள எதற்கும் கட்டுப்பாடு வரும். மேலே மடித்து விரிக்கிற துணி ட்ரெய்லரும் அதில் அடங்கும். ஆகவே கெட்டிச் சுவர் வண்டிதான் வசதி. யூக்கோன் அரசு முகாம்களில் விறகு தருவார்கள், குழிக் கக்கூஸ் இருக்கும். கரண்ட் இணைப்பு கிடையாது. இரவில் சூடு வேண்டுமென்றால் உங்கள் பற்றரிதான் கதி.

ஏமாந்த இடம் அதுதான். வண்டியை ஒப்படைக்கும்போது உரிமையாளர் கதவுக்குப் பக்கத்திலுள்ள பலகையில் பற்றரி பட்டனை அமத்திக் காட்டினார். நாலு லைற்றும் எரிந்தது. "ஃபுல்." வண்டியிலிருந்து ஒரு வயர் அவருடைய கராஜ் சுவருக்குப் போய்க்கொண்டிருந்தது, அதை ஒருவரும் யோசிக்கவில்லை. கரண்டில் செருகியிருக்கும்போது அந்தப் பலகை காட்டுவது சார்ஜரின் வோல்ற்றை, கிட்டத்தட்ட 13.6. பற்றரி செத்துக் கிடந்தாலும் நாலு லைற்றும் எரியும். அதோடு மனுசன் கரடி ஸ்ப்ரே ஒன்றையும் சும்மா தந்தார். ஏரியில் காற்று பேய்த்தனமாக அடிக்கும், பக்கத்துச் சாய்ப்புத் துணியை, அதுதான் ஓணிங்கை, திறக்கவே வேண்டாம் என்று கரிசனையாகச் சொன்னார். காற்று விஷயம் உண்மைதான். 1942-43இல் நெடுஞ்சாலை போட வந்தவர்களின் கட்டிடங்களைக் காற்று பிடுங்கிப் போட்டதால்தான் பக்கத்து ஊருக்கே டிஸ்ரக்‌ஷன் பே, அதாவது அழிவுக் குடா, என்று பெயர். நல்ல மனுசன் என்று நினைத்தாயிற்று.

முதல் இரவு. மீற்றர் வைத்துப் பார்த்தது: மாலை 7 மணிக்கு 12.6 வோல்ற். 11 மணிக்கு 11.8. அதிகாலை 2.30க்கு, ஃபேர்னஸ் (காஸில் எரிகிற சூடாக்கி) ஓடும்போது, 10.4. விசிறி சுத்துகிறது, வருவது குளிர் காற்று. வெளியே 3 பாகை.

இதில் பலர் காஸ் முடிந்துவிட்டது என்று நினைப்பார்கள். அடுப்பைப் பற்ற வையுங்கள். நீலச் சுவாலை நேராக நின்றால் காஸில் பிழையில்லை. ஃபேர்னஸுக்குள் ஒரு சின்னத் தகட்டு சுவிட்ச் இருக்கிறது. விசிறிக் காற்று அதைத் தள்ளி மூடினால்தான் தீ பிடிக்க அனுமதி. வோல்ற் இறங்கினால் விசிறி சோம்பும், தகடு மூடாது, தீ பிடிக்காது. காஸ் எரியாமலே விசிறி மட்டும் சுத்தி, மிச்ச பற்றரியையும் குடித்துவிடும்.

விடிந்ததும் ஏறுகிற படிக்கட்டைத் தூக்கிப் பார்த்தால், ஒரேயொரு தண்ணீர்ப் பற்றரி. மூடிகளைக் கழற்றினால் ஆறு அறையில் இரண்டில் ஈயத் தகடுகள் காய்ந்து, மேல் விளிம்பு வெள்ளையாகப் பூத்துப்போய் நிற்கிறது. இது ஒரு இரவில் நடக்கிற வேலை இல்லை, மாதக் கணக்கில் தண்ணீர் காட்டாமல் சார்ஜில் போட்டுக் காய்ச்சியது. அந்த அளவுப் பற்றரி புதிதாக இருந்தாலே 80 ஆம்ப்-மணி. அதில் பாதிதான் பாவிக்கலாம், 40. ஃபேர்னஸ் விசிறி ஏறத்தாழ 7 ஆம்ப் இழுக்கும். எட்டு மணித்தியால இரவில் பாதி நேரம் ஓடினால் 28. பிரிஜின் கட்டுப்பாட்டுப் போர்ட்டும் காஸ் எச்சரிக்கைக் கருவியும் சேர்ந்து மணிக்கு ஒன்று, அது இன்னுமொரு எட்டு. 36. நல்ல பற்றரிக்கே மட்டுமட்டு. செத்த பற்றரிக்கு?

முகாமில் சிக்னல் இல்லை. டிஸ்ரக்‌ஷன் பே வரை ஓடித்தான் செய்தி அனுப்ப முடிந்தது. உரிமையாளரின் பதில்: "லைற்றுகளை அணைக்க மறந்திருப்பீர்கள்." காய்ந்த தகடுகளின் படத்தை அனுப்பியபின் பதிலே இல்லை. தளத்திடம் சொன்னால், "பிரச்சினையை 24 மணித்தியாலத்துக்குள் செயலியில் பதிய வேண்டும்." 24 மணித்தியாலம் எண்ணப்படுவது சாவி வாங்கிய நிமிடத்திலிருந்தாம்.

சரி, குளிரில் கிடந்ததோடு போகட்டும் என்றால், பற்றரி பற்றி உண்மையை விமர்சனத்தில் எழுதிய இரண்டாம் நாள் வந்தது பில். ஓணிங் கிழிந்துவிட்டதாம், முழு டெபாசிட் 1,500. உள்ளே தூசாம், துப்புரவுக்கு 340. மொத்தம் 1,840 டொலர்.

ஓணிங்கை ஒருதரமும் திறக்கவில்லை. அவர்தான் திறக்காதே என்றாரே! அவர் அனுப்பிய படத்தைப் பெருப்பித்துப் பாருங்கள் என்று தளத்துக்கு எழுதியாயிற்று: கிழிசலின் ஓரம் முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம், பக்கத்தில் பழைய ஒட்டு ரேப் உரிந்த பசைக் கோடு. ஒரு கிழமைக்குள் கிழிந்த வைனிலில் உள்நூல் வெள்ளையாகத் தெரியும், பூஞ்சணம் பிடிக்காது. பதில்: "எடுக்கும்போது ஓணிங் திறந்த நிலையில் படம் உங்களிடம் உள்ளதா?" இல்லை. "அப்படியானால் வருந்துகிறோம்." நாளுக்கு 39 டொலர் கட்டி வாங்கிய காப்புறுதியின் சிறு எழுத்தில், ஓணிங் சேராது என்று இருக்கிறது. காற்றடிக்கிற ஏரிக்கு வாடகைக்கு விடுகிற வண்டியில் முதலில் உடைகிற சாமானே அதுதான்.

தூசுக்கு 340 டொலர் என்பது பெரிய பகிடி. 2016இல் கஸ்காவுல்ஷ் பனியாறு பின்வாங்கியதில் ஸ்லிம்ஸ் ஆற்றுக்கு வந்த தண்ணீர் வேறு பக்கம் திரும்பிவிட்டது. ஏரியின் தெற்கு முனையில் ஆற்றுப் படுகை காய்ந்து மாவாகக் கிடக்கிறது. காற்றடித்தால் நெடுஞ்சாலையே சாம்பல் நிறமாகிவிடும். அந்த வழியே போய் வருகிற எந்த வண்டிக்குள்ளும் தூசு இருக்கும். பிரிஜின் வெளிக் காற்றுத் துளைக்குள்ளும் இருக்கும், அதையும் அவர் துடைத்திருக்க மாட்டார்.

தளத்தில் ஐந்து தரம் கதைத்தாயிற்று, ஐந்து வேறு பெயர்கள், ஒரே வசனம்: "உங்கள் ஏமாற்றம் எங்களுக்கு விளங்குகிறது." விளங்கினால் 1,840 டொலரைத் தாருங்களேன்.

எடுக்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று நீளமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். தளம் கைவிட்டதால் கார்ட் கம்பனியிடம் காசைத் திருப்பிக் கேட்கிற படிவம் இன்றிரவுக்குள் போக வேண்டும், ஆகவே அவசரமாக இவ்வளவுதான்.

சுவர் வயரைப் பிடுங்கச் சொல்லுங்கள். பிடுங்கி அரை மணித்தியாலம் ஃபேர்னஸையும் எல்லா லைற்றையும் ஓடவிட்டு மீற்றர் வையுங்கள், 12.2க்குக் கீழே போனால் சாவியைத் திருப்பிக் கொடுங்கள். 20 டொலர் மீற்றர் போதும்.

படிக்கட்டைத் தூக்கிப் பற்றரியைப் படம் எடுங்கள்.

விமர்சனத்தை டெபாசிட் கைக்கு வந்தபின் எழுதுங்கள்.

ஓணிங்கை அவர் முன்னாலேயே முழுக்க விரிக்கச் சொல்லி வீடியோ எடுங்கள். காற்று என்று சாட்டுச் சொன்னால் காற்று விழும்வரை அங்கேயே நில்லுங்கள்.