ஏழு வருடமாக என் கையில் இருக்கும் பழைய .32 பிஸ்டல்: உதைப்பு, துரு, தேர்தல்

கோயம்புத்தூர் நண்பர் ஒருவருக்கு ஒரு வழியாகக் கைத்துப்பாக்கி லைசென்ஸ் வந்துவிட்டது. வந்த அன்றே போன். "ஏனுங்ண்ணா, உங்ககிட்ட இருக்குதுங்களே பழைய ஜெர்மன் .32, அதே மாதிரி ஒண்ணு விலைக்கு வருதுங்க, எடுத்துக்கலாமுங்களா? ரொம்ப உதைக்குமுங்களா?" என்று கேட்டார். .32 என்பது தோட்டாவின் அளவு, அங்குலக் கணக்கில். உதைப்பு என்பது சுடும்போது துப்பாக்கி கையைப் பின்னால் தள்ளுவது. அவர் கேட்ட நேரம் சரியில்லை. தேர்தலுக்காக ஒப்படைத்திருந்த பிஸ்டலை அன்று காலையில்தான் ஸ்டேஷனிலிருந்து வாங்கி வந்திருந்தேன், மேசையில் நியூஸ்பேப்பர் விரித்து அதைப் பிரித்துப்போட்டுத் துருவைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அன்று போனில் சொன்னதில் பாதி கோபம். இப்போது ஒரு மாதம் ஓடிவிட்டது, ஸ்பிரிங்கும் மாற்றியாகிவிட்டது, அதனால் ஒழுங்காகவே எழுதிவிடுகிறேன்.

அப்பா 1979-ல் சென்னையில் ஒரு கடையில் வாங்கியது. ஏற்காட்டில் எங்களுக்குக் காப்பித் தோட்டம். சனிக்கிழமை கூலிப் பணத்தைச் சேலத்திலிருந்து மலையேற்றிக் கொண்டுவரவேண்டிய காலம் அது. அப்பாவுக்கு 70 வயது கடந்த பிறகு, 2016 ஆயுத விதிகளில் வாரிசுக்கு மாற்றிக்கொள்ள இடம் இருக்கிறது என்று தெரிந்து விண்ணப்பித்தோம், 2017-ல் என் லைசென்ஸில் ஏறியது. 9 மிமீ நம்மூரில் தனியாருக்குக் கிடையாது, தடை செய்யப்பட்ட அளவு. அதனால் பிஸ்டல் என்றால் பெரும்பாலும் .32-தான். 80-களின் நடுவில் இறக்குமதி நின்றுபோனதால் இப்படிப்பட்ட பழைய வெளிநாட்டுப் பிஸ்டல்களுக்குக் கேட்கும் விலை கொஞ்சநஞ்சமல்ல. நண்பரிடம் சொன்ன விலையைக் கேட்டு எனக்கே ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை.

முதலில் உதைப்பு. .32 சின்னத் தோட்டாதானே, குண்டு ஐந்து கிராம்கூடக் கிடையாது, என்ன பெரிதாக உதைத்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். கிளப் ரேஞ்சில் முதல் மேகசின் (பிடிக்குள் போகும் தோட்டாப் பெட்டி) எட்டு ரவுண்டும் முடிப்பதற்குள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் சதையில் இரண்டு கோடு, பிளேடால் இழுத்த மாதிரி, இரத்தம். ஸ்லைடு, அதாவது சுடும்போது பின்னால் ஓடித் திரும்பும் மேல்பகுதி, பின்னால் வரும்போது அதன் இரண்டு விளிம்பும் சதையை உரசிக்கொண்டு போகிறது. இதில் பெரிய சங்கடம் என்னவென்றால், துப்பாக்கி எகிறாமல் இருக்கவேண்டும் என்றால் கையை எவ்வளவு மேலே ஏற்றிப் பிடிக்கமுடியுமோ அவ்வளவு ஏற்றிப் பிடிக்கவேண்டும், அப்படி ஏற்றிப் பிடித்தால் ஸ்லைடு கடிக்கும். இறக்கிப் பிடித்தால் கடிக்காது, ஆனால் முனை வானத்தைப் பார்க்கும்.

ஏன் இப்படி என்று புரிய எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. காவல்துறையில் இருந்து ஓய்வுபெற்ற சித்தப்பா ஒருவர், "9 மிமீ தள்ளும்டா, இது அறையும்" என்று சொல்வார். அது உண்மைதான். அவர் வைத்திருந்த வகை 9 மிமீயில் சுட்டவுடன் குழலும் ஸ்லைடும் பூட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் சேர்ந்தே பின்னால் வரும், அப்புறம்தான் குழல் இறங்கி ஸ்லைடை விடும். அந்த உதை கொஞ்சம் பரவிக் கைக்கு வருகிறது. என் .32-ல் குழல் பிஸ்டலின் உடம்போடு அசையாமல் இருக்கிறது, பூட்டு என்று ஒன்றும் கிடையாது, ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கின் இறுக்கமும்தான் தோட்டாவைத் தடுத்து நிறுத்துகின்றன. சுட்ட கணத்தில் ஸ்லைடு நேராகப் பின்னால் பாய்ந்து முட்டி நிற்கும். அளவில் சின்ன உதைதான், ஆனால் வெடுக்கென்று வருகிறது. இரும்பு உடம்பு, வெறும் பிஸ்டலே முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு, அந்த எடை இல்லையென்றால் இன்னும் மோசமாக இருந்திருக்கும்.

அப்பா ஒற்றைக் கையில் நீட்டிச் சுடுவார், அவர் காலத்துப் பழக்கம். எனக்கு அது ஒத்துவரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, வலது கை முன்னால் தள்ள இடது கை பின்னால் இழுக்க, முழங்கையை விறைக்காமல் கொஞ்சம் தளர்த்தி வைத்த பிறகுதான் முனை எழும்புவது பாதியாகக் குறைந்தது. கடிக்கும் இடத்தில் துணி பிளாஸ்திரி ஒரு சுற்று. கிளப்பில் பார்ப்பவர்கள் என்ன நினைத்தாலும் சரி, ஏழு வருடமாக ஒட்டிக்கொண்டுதான் சுடுகிறேன். இன்னொன்று, முதல் ரவுண்டுக்கு ட்ரிகர் மிகவும் கனம், தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியலையும் அதே இழுப்பில் தூக்கிக்கொண்டு வரவேண்டும், இரண்டாவதிலிருந்து லேசு. அதனால் முதல் குண்டு எப்போதும் கீழே இடது பக்கம் விழும், மீதி ஏழும் ஒரு தேநீர்த் தட்டுக்குள். உதைப்பை அடக்குவதைவிட இந்த முதல் இழுப்பைச் சரிசெய்யத்தான் எனக்கு அதிகக் காலம் ஆனது. டம்மி தோட்டா போட்டு வீட்டில் தினமும் இருபது முறை இழுத்துப் பழகினேன், நிஜத் தோட்டா அந்த அறைக்குள்ளேயே இல்லாமல் பார்த்துக்கொண்டு.

மேகசினைப் பற்றி ஒரு வார்த்தை. .32 தோட்டாவின் அடிவிளிம்பு உடம்பைவிடத் துளி அகலமாக இருக்கும். ஜான் பிரௌனிங் 1899-ல் கொண்டுவந்த வடிவம், இன்றுவரை அதேதான். மேகசினில் ஒவ்வொரு தோட்டாவின் விளிம்பும் கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் உட்காரவேண்டும், பின்னால் மாட்டிக்கொண்டால் மேல் தோட்டா நகராது, துப்பாக்கி அப்படியே நின்றுவிடும். அடைத்து முடித்ததும் மேகசினை ஒருமுறை பார்த்து, அடிப்பக்கத்தை உள்ளங்கையில் தட்டிவிட்டுத்தான் போடுவேன். ஏழு வருடத்தில் இரண்டு முறைதான் மாட்டியது, இரண்டும் நான் அவசரப்பட்ட நாள்கள்.

ஸ்பிரிங் கதை இப்படி. சுட்ட காலித் தோட்டாக்களைப் பொறுக்கி எண்ணி வைப்பது எங்கள் வழக்கம், புதியது வாங்கப் போகும்போது கணக்குக் கேட்பார்கள். முன்பெல்லாம் வலது பக்கம் நாலு எட்டில் கிடக்கும். போன வருடம் முதல் ரேஞ்சின் சுவர் வரை போய்த் தேடவேண்டியிருந்தது, உதைப்பும் கூர்மையாகிவிட்ட மாதிரி தோன்றியது, நான் வயதின் மேல் பழியைப் போட்டேன். துப்பாக்கி மிஸ்திரி ஒருவரிடம் காட்டியதும் ஸ்லைடை ஒருமுறை இழுத்துப் பார்த்து, "ஸ்பிரிங் செத்துப்போச்சுங்க" என்றார். 45 வருடத்து ஸ்பிரிங். அது தளர்ந்தால் ஸ்லைடு வேகமாகப் போய் உடம்பில் மோதும், கைக்கும் வலி, இரும்புக்கும் கேடு. புதியது போட்ட பிறகு ஸ்லைடை இழுக்கக் கொஞ்சம் பலம் வேண்டியிருக்கிறது, ஆனால் காலித் தோட்டாக்கள் மறுபடி பழைய இடத்திலேயே விழுகின்றன, உதையும் பழைய மாதிரி ஆகிவிட்டது. இதை ஐந்து வருடம் முன்பே செய்திருக்கவேண்டும். ஸ்பிரிங்கின் ஒரு முனை சற்று இறுக்கமாக இருக்கும், எந்த முனை எந்தப் பக்கம் என்று பிரிக்கும்போதே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

பிரிப்பது சுலபம். மேகசினை எடுத்து, ஸ்லைடை இழுத்து, தோட்டா உட்காரும் அறை காலிதானா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, ட்ரிகர் வளையத்தைக் கீழே இழுத்துச் சாய்த்துவைத்தால் ஸ்லைடு மேலே வந்துவிடும். ஒரு திருகுகூடக் கழற்றவேண்டியதில்லை. இந்த ஒரு விஷயத்துக்காகவே இதை வடிவமைத்தவர்களைக் கும்பிடலாம். பித்தளை பிரஷ், பழைய பனியன் துணி, கரைப்பான், எண்ணெய், கால் மணி நேரம், முடிந்தது.

எண்ணெயில்தான் எங்கள் வீட்டில் பெரிய தப்பு நடந்தது. அப்பா பல வருடம் தேங்காயெண்ணெய் போட்டிருக்கிறார். சமவெளியில் எப்படியோ, ஏற்காட்டு மார்கழிக் காலையில் அது உறைந்துவிடும், 24 டிகிரிக்குக் கீழே போனாலே கட்டிதான். நாள்பட்டால் பிசினாகவும் ஆகிவிடும். நான் முதன்முதலில் பிரித்தபோது ஸ்லைடு ஓடும் தண்டவாளக் குழியில் மஞ்சளாகப் படிந்திருந்ததை மண்ணெண்ணெய் ஊற்றித்தான் எடுத்தேன். தையல் மெஷின் எண்ணெய் ஓட்டத்துக்கு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் சீக்கிரம் வடிந்துவிடும், துருவுக்குக் காவல் இல்லை. துப்பாக்கி எண்ணெயே வாங்குங்கள். தோல் உறையில் மட்டும் வைக்காதீர்கள், தோல் ஈரத்தை இழுத்து இரும்பின் மேலேயே வைத்துக்கொள்ளும். நான் எண்ணெய்த் துணியில் சுற்றி, மூடி இறுகும் டப்பாவில் நீல நிற சிலிக்கா ஜெல்லோடு வைக்கிறேன். ஈரம் குடித்து ரோஸ் நிறமானால் வாணலியில் லேசாகச் சூடாக்கினால் மறுபடி நீலமாகிவிடும். மழைக்காலத்தில் பத்து நாளுக்கு ஒரு முறை இது என் வேலை. மேகமே வீட்டுக்குள் வந்து போகும் ஊரில் இப்படிப் பார்த்துக்கொண்டு, ஏழு வருடத்தில் என் கையில் இருந்தபோது ஒரு புள்ளித் துரு ஏறியதில்லை. இதை நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன்.

ஸ்டேஷனில்தான் ஏறியது. தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வார்கள், வங்கிக் காவலாளி போன்றவர்களுக்கு மட்டும் விலக்கு. 2019, 2021, இப்போது 2024, மூன்று முறை கொடுத்துவிட்டேன். இந்த முறை மார்ச் 16 அறிவிப்பு, ஜூன் 4 எண்ணிக்கை, 80 நாள். நாம் ஏப்ரல் 19-லேயே ஓட்டுப் போட்டுவிட்டோம், அதற்கப்புறமும் 46 நாள் நாடு முழுக்க முடியும்வரை அது அங்கேதான் கிடந்தது. நடுவில் கோடை மழை முழுவதும் பெய்து தீர்த்தது. டப்பாவோடு கொடுக்கிறேன் என்றேன், நம்பர் பார்க்கவேண்டும், சீட்டுக் கட்டவேண்டும், தனியாகத்தான் வைக்கவேண்டும் என்று துணிப்பையில் போட்டார்கள். ரைட்டர் நல்ல மனிதர், எண்ணெய்த் துணியையாவது சுற்றியிருக்க விட்டார், திருப்பி வாங்கும்போது அந்தத் துணி இல்லை. யாரையும் குற்றம் சொல்ல மனம் வரவில்லை, அத்தனை துப்பாக்கிகளுக்கு நடுவில் அவர்கள் என்ன செய்வார்கள், விதியின் நியாயமும் எனக்குப் புரிகிறது. ஆனாலும் 45 வருடம் வீட்டில் ஒரு கீறல் இல்லாமல் இருந்த இரும்பை அந்தக் கோலத்தில் பார்த்தபோது வயிறு எரிந்தது. ஸ்லைடின் மேல் ஆரஞ்சுத் தூள், அது தேய்த்தால் போய்விட்டது. பிடியின் பக்கத்தகடுகளைக் கழற்றினால் உள்ளே இடது பக்கத்தில் மிளகு அளவுக்கு மூன்று குழி. குழி விழுந்துவிட்டால் என்ன செய்தும் திரும்பாது. நீலப் பூச்சு என்பது இரும்பின் மேல் ஒரு மெல்லிய தோல்தான், எண்ணெய் இல்லாமல் அதனால் தனியாகத் தாங்கமுடியாது.

அடுத்த முறை லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையில் பாதுகாப்பில் வைக்க அனுமதி கேட்கப்போகிறேன், மாத வாடகை ஆனாலும் சரி. கொடுக்கும் முன் பக்கத்தகடுகளைக் கழற்றி உள்ளேயும் கெட்டியான கிரீஸ் பூசிவிடுவேன்.

சரி, நண்பருக்குப் பதில். உதைப்பு பழகிவிடும், பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ளுங்கள். குறி தவறாது, பிரிக்கச் சுலபம், இதைவிட அழகான இயந்திரம் என் வீட்டில் இல்லை. ஆனால் வாங்காதீர்கள். அந்த விலை கொடுத்து ஒரு பழைய இரும்பை வாங்கி, தேர்தலுக்குத் தேர்தல் அதைத் துணிப்பையில் போட்டுக் கொடுத்துவிட்டு, வெளியே மழை பெய்யும்போதெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு படுத்திருப்பது உங்களுக்கு வேண்டாம். எனக்கு அப்பாவுடையது, வேறு வழி இல்லை, விற்கவும் மாட்டேன். நீங்கள் புதிதாகவே ஒன்று வாங்குங்கள், கீறினாலும் மனம் அவ்வளவு வலிக்காது. அப்படியும் அதைப் பார்க்கத்தான் போவேன் என்றால், ஒரு திருப்புளியும் டார்ச்சும் கொண்டுபோய், பிடியின் இரண்டு தகட்டையும் கழற்றி உள்ளே பாருங்கள். கழற்ற விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால் அப்படியே எழுந்து வந்துவிடுங்கள்.