பாயா, டீசலா, பேட்டரியா? நாட்டுப்படகுக்கு ஓர் ஆற்றல் கணக்கு

பாம்பன், மண்டபம் பக்கம் கரையில் நாலு பேர் கூடினால் டீசல் விலைதான் பேச்சு. விலை இன்று ஏறும், நாளை இறங்கும். ஆற்றல் கணக்கு மாறாது. அதனால் படகை ஓட்டும் மூன்று வழிகளையும், அதாவது காற்றுக்கு விரிக்கும் பாய், டீசல், பேட்டரி மூன்றையும், கரன்ட் பில்லில் வருகிற யூனிட்டிலேயே அளந்து பார்க்கலாம்.

ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 யூனிட் வேதி ஆற்றல் இருக்கிறது. எரியும்போது அது வெப்பமாகிறது. அந்த வெப்பத்தில் ஒரு பங்குதான் பிஸ்டனைத் தள்ளும் இயக்கமாகிறது. சிறிய என்ஜினில் அது 3 யூனிட் வந்தாலே நல்லது. மீதி 7 எங்கே? ஓடுகிற விசைப்படகின் விலாவில் குழாயிலிருந்து கொட்டும் தண்ணீரில் கையை நீட்டிப் பாருங்கள். கடலிலிருந்து குளிர்ந்து ஏறிய தண்ணீர் சூடேறி இறங்கும். சைலென்சர் பக்கம் கையே வைக்க முடியாது. காசு கொடுத்து வாங்கியதில் பெரும்பங்கு இந்த இரண்டு வழியாகத்தான் போகிறது. இதற்கு மெக்கானிக்கைத் திட்டிப் பயனில்லை. வெப்பத்தை முழுக்க இயக்கமாக மாற்ற எந்த என்ஜினாலும் முடியாது. அது இயற்பியல் விதி.

இவ்வளவு வீணாக்கியும் டீசல் நிலைத்து நிற்பதற்குக் காரணம் எடை. 10 யூனிட் அடங்கிய டீசல் ஒரு கிலோகூட இல்லை. அதே 10 யூனிட்டுக்கு லித்தியம் பேட்டரி 70, 80 கிலோ வரும். ஆனால் மின்மோட்டார் தனக்கு வருவதில் 85 சதவீதத்துக்கு மேல் சுழற்சியாக மாற்றிவிடும். ஆக ஒரு லிட்டர் டீசல் செய்யும் வேலைக்கு மூன்றரை யூனிட் பேட்டரி போதும். எடை 25 கிலோ சொச்சம். இடைவெளி குறைகிறது, மறையவில்லை.

சோலார் தகட்டைப் படகிலேயே போடலாமே என்கிறார்கள். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய 1000 வாட் விழும்; தகடு அதில் 200 வாட் பிடிக்கும். 10 சதுர மீட்டருக்குக் கூரை போட்டால் நல்ல நாளில் 8 யூனிட் தேறும், அதாவது இரண்டு லிட்டர் டீசலின் வேலைக்குச் சற்று மேல். அவ்வளவு கூரை போட்டுவிட்டு எங்கே நின்று வலை இழுப்பது? உப்புச் சாரல் படிந்து விளைச்சலும் குறையும். என் கருத்து, தகடு கரையில் இருக்கட்டும், பேட்டரி மட்டும் கடலுக்கு வரட்டும்.

பாயின் அழகு வேறு. காற்று ஏற்கெனவே இயக்கமாகவே வருகிறது. எரிக்கவோ சூடாக்கவோ வேண்டியதில்லை. ஆனால் காற்றின் வேகம் இரட்டித்தால் அது சுமக்கும் ஆற்றல் எட்டு மடங்காகும், பாதியானால் எட்டில் ஒன்றாகச் சுருங்கும். மணிக்கு 11 கி.மீ. காற்றில் ஒரு சதுர மீட்டருக்கு 17 வாட்தான். 22 கி.மீ. அடித்தால் 135 வாட்டுக்கு மேல். பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்திவைத்த 58 கி.மீ. வேகத்தில் அது 2,500 வாட். ஒருநாள் போதாது, ஒருநாள் தாங்காது! கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும், வடகடல் (பாக் விரிகுடா) அடங்கியிருக்கும், வடகிழக்கிலிருந்து வரும் வாடையில் தலைகீழ். எதிர்காற்றில் திரும்ப வேண்டுமானால் குறுக்கும் நெடுக்குமாக வெட்டி வெட்டித்தான் வர வேண்டும். மீன் அதுவரை காத்திருக்காது.

நாள்கணக்கில் தங்கும் விசைப்படகுக்கு இப்போதைக்கு டீசல்தான். கரையோரம் நண்டு வலை போட்டு மதியத்துக்குள் திரும்புகிற நாட்டுப்படகுக்கு, பேட்டரி மோட்டாரும் துணைக்கு ஒரு சிறு பாயும் என்பதே என் தேர்வு. தினம் 2 லிட்டர் டீசல் செலவாகிறது என்றால் 7 யூனிட் பேட்டரி, 50 கிலோவுக்குக் கொஞ்சம் மேல், தாங்கும். தினம் 5 லிட்டர் என்றால் 130 கிலோ, யோசிக்க வேண்டும். எதிர்காற்றில் திரும்புவதற்கென மூன்றில் ஒரு பங்காவது கூடுதலாகச் சேர்க்காமல் பேட்டரி வாங்காதீர்கள்.