கால்விரலில் அடி: வீட்டுக் கட்டு, நாட்டுக் கட்டு, ஆஸ்பத்திரி – எதற்கு எது?

நிலைப்படியில் இடித்தாலும், சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் வெறுங்காலில் மிதிபட்டாலும், மஞ்சுவிரட்டில் மாடு மிதித்தாலும் மதுரைப் பக்கம் மூன்று வழிதான். வீட்டிலேயே கட்டிக்கொள்வது, நாட்டுக் கட்டு, ஆஸ்பத்திரி. எந்த விரல், எப்படி இருக்கிறது என்று முதலில் பாருங்கள். மெட்டி போட்ட விரலென்றால் வீங்கும் முன்பே சோப்பு நுரை தடவிக் கழற்றிவிடுங்கள். இறுகிப்போனால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

பெருவிரல் தவிர்த்த நான்கில் ஒன்று, கோணாமல் நேராக, தோல் கிழியாமல் இருந்தால் வீட்டுக் கட்டே போதும். உள்ளே எலும்பில் மெல்லிய கீறல் விட்டிருந்தாலும் ஆஸ்பத்திரியில் பெரும்பாலும் இதையேதான் செய்வார்கள். முதல் 2 நாள், துண்டில் சுற்றிய ஐஸை ஒரு தடவைக்கு 15 நிமிஷம் வைத்து, காலைத் தலையணை மேல் உயர்த்திப் போடுங்கள். பிறகு அடிபட்ட விரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவே மெல்லிய பஞ்சோ காஸ் துணியோ வைத்து, இரண்டையும் சேர்த்து மைக்ரோபோர் டேப் (காயத்துக்கு ஒட்டும் காகித டேப்) சுற்றுங்கள். பஞ்சை விட்டுவிட்டால் வியர்வையில் தோல் ஊறிப் புண்ணாகும். நகத்தை அழுத்தி விட்டால் வெளுத்தது 2 நொடிக்குள் சிவக்க வேண்டும். இல்லையென்றால் கட்டு இறுக்கம். தினமும் மாற்றி, 3 முதல் 4 வாரம் வைத்திருங்கள். அதுவரை வளையாத அடிப்பாகம் உள்ள செருப்புதான் நல்லது. எண்ணெய் போட்டு உருவுவதும் அன்றைக்கே வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதும் வீக்கத்தைக் கூட்டும்.

நாட்டுக் கட்டு விரலை அசையாமல் வைக்கிறது. அதனால் தானாகவே ஆறக்கூடிய சின்ன விரல் அதிலும் ஆறிவிடும். ஆனால் எக்ஸ்ரே பார்க்காமலே இழுத்துவிடுவதும், முட்டை வெள்ளையும் மாவும் காய்ந்து இறுகுவதும்தான் ஆபத்து. அடிபட்ட விரல் மறுநாள் இன்னும் வீங்கும். காய்ந்த கட்டு இடம் கொடுக்காது. விரல் நுனியையும் மூடிவிட்டால் நிறம் மாறுவதே தெரியாது. கட்டிய பிறகு வலி ஏறிக்கொண்டே போனால், விரல் மரத்தாலோ சில்லிட்டாலோ நீலம் பாய்ந்தாலோ, வரச்சொன்ன நாள்வரை காத்திருக்காமல் உடனே கட்டை வெட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தோல் கிழிந்த விரலுக்கு நாட்டுக் கட்டு வேண்டவே வேண்டாம்.

பெருவிரலென்றால் கதை வேறு. நடக்கும்போது உந்தித் தள்ளுவது அதுதான். முறிவு மூட்டுக்குள் போய், சரியாகச் சேராவிட்டால் விறைப்பும் வலியும் தங்கிவிடும். எனவே பெருவிரல் நன்றாக வீங்கினாலோ ஊன்ற முடியாவிட்டாலோ, எந்த விரலானாலும் கோணியிருந்தாலோ, எலும்பு தெரிந்தாலோ எக்ஸ்ரே அவசியம். கோரிப்பாளையம் பக்கத்தில் உள்ள அரசு ராஜாஜி மருத்துவமனையில் இரவிலும் அவசரப் பிரிவு உண்டு. அழுக்குப் பட்ட காயத்துக்கு, கடைசி டிடி (டெட்டனஸ் தடுப்பு) ஊசி போட்டு 5 வருஷம் தாண்டியிருந்தால் மறுபடி போட வேண்டும். போகும்முன் காப்பித்தூளையோ மஞ்சளையோ அப்பாதீர்கள். சுத்தமான தண்ணீரில் கழுவினால் போதும்.

பலரும் கோட்டைவிடுவது குழந்தைகள் விஷயத்தில். இடறிய பிள்ளைக்குப் பெருவிரல் நகத்தின் அடியோரம் ரத்தம் கசிந்தால், வளரும் எலும்பு முறிந்து, அந்த முறிவு வெளிக்காயத்தோடு சேர்ந்திருக்கலாம். வெறும் நகக்காயம் என்று விட்டால் எலும்பில் சீழ் பிடிக்கலாம். அன்றைக்கே காட்டுங்கள். நகத்துக்கடியில் ரத்தம் கட்டி விண்விண்ணென்று தெறித்தாலும் டாக்டரிடம் போனால் நகத்தில் துளையிட்டு வடிப்பார். ஓரிரு நாளுக்குள் போனால்தான் பலன். வீட்டில் ஊசியைக் காய்ச்சிக் குத்த வேண்டாம்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்த ஒப்பீடே பொருந்தாது. நரம்பு மரத்திருந்தால் முறிவுகூட வலிக்காது. வலியில்லை என்பதை நம்பி நடந்தால் புண் ஆழமாகும். கொப்புளமோ, கீறலோ, சூடான வீக்கமோ எதுவானாலும் அதே நாளில் டாக்டர் பார்க்க வேண்டும்.

அடியே படாமல், ராத்திரியோடு ராத்திரியாகப் பெருவிரல் அடிமூட்டு சிவந்து, போர்வை பட்டாலே உயிர் போகிறதா? யூரிக் அமிலத்தால் வரும் கவுட் ஆக இருக்கலாம். அதற்கு எந்தக் கட்டும் உதவாது. டாக்டரிடம் காட்டி மருந்து எடுங்கள். கூடவே காய்ச்சலும் இருந்தால் மூட்டில் கிருமி புகுந்திருக்கலாம், விடியும்வரை காத்திருக்காதீர்கள்.