காயில்ஓவர் மாட்டக் கூலி 350 வெள்ளி, கொடுக்கலாமா?

சஸ்பென்ஷன் மாற்ற நினைப்பவர்கள் பொருளின் விலையைத்தான் மாதக்கணக்கில் அலசுகிறார்கள். கூலியைப் பற்றிக் கேட்பது பெட்டி வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான். என்னுடைய சுசூகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டுக்கு வாங்கிய காயில்ஓவரை, அதாவது உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஸ்பிரிங், அப்சார்பர் செட்டை, சிங்கப்பூரின் சின் மிங் ஆட்டோசிட்டியில் உள்ள ஒரு சின்னப் பட்டறையில் மாட்டினேன். கூலி 350 வெள்ளி, சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட் தனியாக 60 வெள்ளி. அதற்கு முன்னால் காக்கி புக்கிட்டில் ஒருவர் 250 சொன்னார், ஊபியில் இன்னொருவர் 480 சொன்னார். ஒரே கார், ஒரே செட், ஆனால் இரண்டுக்கும் நடுவே 230 வெள்ளி வித்தியாசம்.

250 சொன்னவரிடம் கொஞ்சம் துருவிக் கேட்டேன். கழற்றி மாட்டுவது மட்டும்தான் அந்தத் தொகைக்குள் வருமாம், உயரம் சரிசெய்வதற்கு வேறு, அலைன்மென்ட்டுக்கு வேறு, நானே பொருள் வாங்கிக்கொண்டு வருவதால் அதற்கும் ஒரு தொகை. கூட்டிப் பார்த்தால் 400 வெள்ளியைத் தொட்டுவிடுகிறது. 480 சொன்ன இடத்தில் எல்லாம் அடக்கம், ஆனால் அதற்கு மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி. சின்னப் பட்டறைகள் பலவற்றில் இந்த வரி இருக்காது, ஏனென்றால் ஆண்டு வியாபாரம் 1 மில்லியன் வெள்ளியைத் தாண்டினால்தான் அதற்குப் பதிவு செய்தே ஆக வேண்டும். அதனால் போனில் விலை கேட்கும்போதே வரி சேர்த்தா சேர்க்காமலா என்று கேட்டுவிடுங்கள்.

சரி, 350 வெள்ளிக்கு என்னதான் செய்தார்கள்? பின்பக்கம் சுலபம். இந்தக் காரில் பின்னால் டார்ஷன் பீம்தான், அதாவது இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் ஒற்றை உத்திரம், ஸ்பிரிங்கும் அப்சார்பரும் தனித்தனியாக நிற்கும், பீமைக் கொஞ்சம் இறக்கினால் ஸ்பிரிங் கையோடு வந்துவிடும். நேரமெல்லாம் முன்பக்கம்தான் போகிறது. பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் வயர், ஸ்டெபிலைசர் லிங்க், சக்கரத்தைத் தாங்கும் நக்கிளில் இருக்கும் பெரிய போல்ட்கள் என்று வரிசையாகக் கழற்ற வேண்டும், சில கார்களில் வைப்பருக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டையும் எடுத்தால்தான் ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் அப்சார்பரும் சேர்ந்த முன்பக்கத் தொகுதி) தலை கண்ணுக்கே தெரியும். என் செட்டோடு, ஸ்ட்ரட்டின் தலையைக் காரோடு இணைக்கும் மேல் மவுன்ட் வரவில்லை, பழைய ஸ்ட்ரட்டில் இருப்பதைத்தான் எடுத்துப் போட வேண்டும். அதற்குப் பழைய ஸ்பிரிங்கைக் கம்ப்ரஸரில் அழுத்திப் பிடிக்க வேண்டும், அது நழுவினால் பக்கத்தில் நிற்கும் ஆளின் கதி அவ்வளவுதான். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் ஜாக்கி போட்டுச் செய்துவிடலாம் என்று கனவு காணும் நண்பர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கவும்.

எனக்குப் பிடித்துப்போனது கடைசியில் அவர்கள் செய்த ஒரு வேலை. சக்கரத்தைக் காரோடு இணைக்கும் சஸ்பென்ஷன் கைகளின் (ஆர்ம்) மூட்டில் இருக்கும் ரப்பர் புஷ், போல்ட்டை எந்த நிலையில் முறுக்குகிறோமோ அந்த நிலையில் பிடித்துக்கொள்ளும். கார் லிஃப்ட்டில் தொங்கும்போதே முறுக்கிவிட்டால், கீழே இறக்கியதும் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே கிடக்கும், சீக்கிரம் கிழிந்துபோகும். இங்கே எல்லாவற்றையும் தளர்வாக விட்டு, சக்கரத்தில் எடை உட்கார்ந்த பிறகு, புது உயரத்தில் வைத்து முறுக்கினார்கள். அவசரக்காரப் பட்டறைகளில் முதலில் வெட்டுப்படுவது இந்த வேலைதான், ஏனென்றால் காரை ஓட்டிப் பார்க்கும் அன்றைக்கு வித்தியாசமே தெரியாது.

அங்கே வேலை செய்யும் தஞ்சாவூர்த் தம்பி ஒருவர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். “அண்ணே, இன்னைக்கு அளந்த உயரம் நிக்காது, கொஞ்ச நாள் ஓடுனா ஸ்பிரிங் இன்னும் உக்காரும், அப்ப ஒரு தடவ வாங்க, போல்ட்டெல்லாம் பாத்து முறுக்கிடுறோம்” என்றார். அந்த மறுசோதனைக்குக் காசு வாங்கவில்லை. 350க்குள் இதுவும் அடக்கம் என்பதை முதலாளி அங்கிள் முதலிலேயே சொல்லியிருந்தால் நான் இவ்வளவு யோசித்திருக்கவே மாட்டேன்.

அலைன்மென்ட் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உயரம் குறைந்தால் கேம்பரும் (சக்கரத்தின் சாய்வு) டோவும் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மாறும், டோ தப்பாக இருந்தால் டயரின் ஓரம் தேய்ந்து பல்லிளிக்கும், ஆகவே இந்தச் செலவைத் தவிர்க்க முடியாது. ஆனால் டயர் கடைகளில் நாலு சக்கர அலைன்மென்ட் என்று கூடுதல் விலை சொல்வார்கள். டார்ஷன் பீம் காரில் பின் சக்கரத்தை அளக்கலாம், திருப்பிச் சரிசெய்யத்தான் அங்கே ஒன்றும் இல்லை. அதற்கு எதற்கு அதிகக் காசு? பத்தாம் தலைமுறை ஹோண்டா சிவிக் மாதிரி பின்னால் மல்டிலிங்க் (ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியாகப் பல கைகள்) இருக்கும் கார் என்றால் கதை வேறு, நாலையும் சரிசெய்ய வேண்டும், மாட்டும் கூலியும் கூடத்தான் வரும். அதிகம் கேட்கிறார்கள் என்று அங்கே சண்டைக்குப் போகாதீர்கள். எலக்ட்ரானிக் அப்சார்பர் உள்ள கார்களுக்கு எச்சரிக்கை விளக்கு எரியாமல் இருக்க வேறு ஏற்பாடு தேவை, அந்தச் செலவையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜொகூர் பாருவில் பாதிக் கூலிக்கு முடித்துவிடலாமே என்று கேட்பீர்கள். கூலி குறைவுதான். ஆனால் முக்கால் டேங்க் பெட்ரோல் இல்லாமல் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைத் தாண்ட முடியாது, பாலத்தில் நெரிசல், அப்புறம் முன்னால் கடகட என்று சத்தம் வந்தால் அதே பாலத்தில் திரும்பவும் போய் நிற்க வேண்டும். சஸ்பென்ஷன் வேலைக்கு மறுபடி ஒருமுறை போக வேண்டியிருக்கும் என்பதால் பக்கத்தில் இருப்பதே எனக்கு வசதி.

குறை இல்லாமலும் இல்லை. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொல்லிவிட்டுக் காரை லிஃப்ட்டில் ஏற்றும்போது மதியச் சாப்பாடு முடிந்துவிட்டது. உட்கார இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, மின்விசிறி அங்கிள் பக்கம் மட்டும் திரும்பியிருந்தது. ரசீதில் “கூலி” என்று ஒற்றை வரி. என்னென்ன செய்தார்கள், மறுசோதனை உண்டா என்பதையெல்லாம் நான் கேட்டுத்தான் எழுதி வாங்கினேன். பொருளுக்கு உத்தரவாதம் கேட்கப் போனால் யார் மாட்டினார்கள் என்று கேட்கும் விற்பனையாளர்கள் உண்டு, ஆகவே இந்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள். எந்த மாற்றத்துக்கு அனுமதி வேண்டும் என்பதை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் இணையத்தளத்தில் பொருள் வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள். மூன்று வயது தாண்டிய கார் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போக வேண்டும், பத்து வயதுக்கு மேல் என்றால் ஆண்டுதோறும்.

அடுத்து சஸ்பென்ஷனின் கீழ்க்கை (லோயர் ஆர்ம்) புஷ் மாற்ற வேண்டியிருக்கிறது. அதற்கும் இங்கேதான் போவேன், சனிக்கிழமை மட்டும் போக மாட்டேன்.