படைப்பிரிவை மூடுவதா, பகிர்வதா?

பாதுகாப்புச் செலவைக் குறைக்க வேண்டும். நேட்டோ ராணுவக் கூட்டணிக்குக் கொடுத்த வாக்கும் தவறக் கூடாது. பனிப்போர் முடிந்தபின் ஐரோப்பிய அரசுகள் பலவற்றுக்கும் வந்த நெருக்கடி இது. எல்லாப் பிரிவிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளலாம். ஜெர்மனி அப்படித்தான் செய்தது. பயிற்சிக்குப் போகும் படை பக்கத்துப் படையிடம் தளவாடம் இரவல் வாங்கும் நிலை வந்தது. அதை விட்டுவிடுவோம். உண்மையான போட்டி, ஒரு பிரிவையே மூடுவதற்கும் அண்டை நாட்டோடு பகிர்வதற்கும் இடையில்தான். நெடுநாள் நான் மூடுவதன் பக்கம் நின்றேன். இப்போது பகிர்வதன் பக்கம்.

மூடுவதில் கணக்கு சுத்தமாக இருக்கும். டென்மார்க் 2004இல் நீர்மூழ்கிக் கப்பல்களைக் கைவிட்டது. நெதர்லாந்து 2011இல் எஞ்சியிருந்த இரண்டு டாங்கிப் பட்டாலியன்களையும் கலைத்தது. 2014இல் 100 லெப்பர்ட் டாங்கிகளைச் சுமார் 20 கோடி யூரோவுக்குப் பின்லாந்துக்கு விற்றது.

என் மனத்தை மாற்றியது ஆட்களைப் பற்றிய கேள்வி. டாங்கியைப் பணம் கொடுத்து வாங்கிவிடலாம். அதைச் சேற்றில் ஓட்டத் தெரிந்தவர், பழுதை ஓசையிலேயே கண்டுபிடிக்கும் மெக்கானிக், பத்து டாங்கிகளை ஒருசேர நகர்த்திப் பழகிய அதிகாரி ஆகியோரை வாங்க முடியாது. அவர்கள் ஓய்வுபெற்றுப் போய்விட்டால் புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவும் ஆள் இருக்காது. நெதர்லாந்து இதிலிருந்து தப்பியதற்குக் காரணம், 2016 முதல் அதன் வீரர்கள் சுமார் நூறு பேர் ஜெர்மனியின் 414ஆவது டாங்கிப் பட்டாலியனில், குத்தகைக்கு எடுத்த 18 டாங்கிகளோடு பணியாற்றியதுதான். சொந்தப் பட்டாலியனை மீண்டும் அமைக்க 2025இல் 46 புதிய லெப்பர்ட்களுக்கு ஆர்டர் கொடுத்தபோது, கைப்பழக்கம் அறுபடாமல் இருந்தது. மூடிய தவறைக் காப்பாற்றியதே பகிர்வுதான்.

இதைத் தொடக்கத்திலிருந்தே முறையாகச் செய்தவை பெல்ஜியம், நெதர்லாந்துக் கடற்படைகள். இரண்டுக்கும் நெதர்லாந்தின் டென் ஹெல்டர் துறைமுகத்தில் ஒரே கூட்டுத் தலைமையகம். ஃபிரிகேட் போர்க்கப்பல்களின் பராமரிப்பையும் பயிற்சியையும் நெதர்லாந்து பார்க்கிறது. கண்ணிவெடி அகற்றும் கப்பல்களுக்கு அதே பொறுப்பு பெல்ஜியத்துக்கு. 2019இல் ஆளுக்கு ஆறாக 12 புதிய கண்ணிவெடி அகற்றும் கப்பல்களைச் சேர்ந்தே ஆர்டர் செய்தன. உதிரிபாகக் கிடங்கும் பயிற்சிப் பள்ளியும் இரட்டிப்பாகவில்லை. ஆனால் கப்பலில் பறப்பது சொந்தக் கொடி; அதை எங்கே அனுப்புவது என்பது அந்தந்த அரசின் முடிவு. தற்காப்புத் திறனை ஒவ்வொரு நாடும் பேணி வளர்க்க வேண்டும் என்கிற நேட்டோ ஒப்பந்தத்தின் மூன்றாவது பிரிவுக்கு இது பொருந்துகிறது. முழுவதுமாக மூடிவிட்டவர்கள் அந்தப் பிரிவை எப்படி நிறைவேற்றுகிறார்கள் என்பது எனக்குப் புரியவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தக் கூட்டு ஏற்பாடு பெரும்போரில் இன்னும் சோதிக்கப்படவில்லை. ஒரு நாட்டின் நாடாளுமன்றம் தயங்கினால் மற்றதன் கப்பல் என்ன ஆகும் என்பதற்கு அனுபவத்திலிருந்து பதில் இல்லை. மொழியாலும் எல்லையாலும் இவ்வளவு நெருங்கிய அண்டை நாடு எல்லோருக்கும் அமைவதும் இல்லை. ஆகவே கூட்டாளியோடு ஒப்பந்தம் கையெழுத்தான பிறகே கத்தரியை எடுக்க வேண்டும் என்பேன். டாங்கி விஷயத்தில் நெதர்லாந்து அதை ஐந்து ஆண்டு தாமதமாகச் செய்தது.