மத்தளம் எங்கே? ஒரு எடிட்டிங் மென்பொருளும் நானும்

2022 ஆம் ஆண்டு, இலங்கையில் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், வடமோடி என்ற மரபில் ஒரு கூத்து அரங்கேற்றம். இரவு முழுவதும் கூத்தாடும் களரியைச் சுற்றிச் சுற்றி இரண்டு கமராக்களில் எடுத்துவிட்டு, விடிந்ததும் மண்முனைப் பாலத்தால் கல்லடிக்குத் திரும்பினேன். கோப்புகளை மடிகணினியில் ஏற்றி எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில் போட்டால், படம் ஓடுகிறது, சத்தம் இல்லை. அரசன் வாயசைக்கிறான், சதங்கை குலுங்குகிறது, ஒன்றும் கேட்கவில்லை. மாலையில் பார்க்க வந்த, கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் சற்று நேரம் திரையையே பார்த்திருந்துவிட்டு, “தம்பி, மத்தளம் எங்கே?” என்றார்.

கூத்தில் ஒலியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது உடுப்புத்தான். எனக்கு வியர்த்துவிட்டது.

அதே கோப்பை வீஎல்சி என்ற வீடியோ பிளேயரில் திறந்தேன். மத்தளமும் சல்லரித் தாளமும் அறை முழுக்கக் கேட்டன. அப்படியானால் ஒலி கோப்பில் இருக்கிறது, டைம்லைனுக்குத்தான் வந்து சேரவில்லை. உற்றுப் பார்த்தபோதுதான் கவனித்தேன்: படத்தின் நீலப் பட்டைக்குக் கீழே வர வேண்டிய பச்சைப் பட்டையே இல்லை. இன்றுவரை நான் முதலில் பார்ப்பது இதைத்தான். பச்சைப் பட்டையும் அதில் அலைவடிவமும் இருந்து சத்தம் வராவிட்டால் கோளாறு மியூட் பொத்தானிலோ ஸ்பீக்கர் தெரிவிலோ இருக்கும். பட்டையே இல்லாவிட்டால் கோப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

என் கமராக்கள் எம்பி4 கோப்பில் ஒலியை ஏஏசி என்ற சுருக்கிய வடிவில் பதிகின்றன. நான் வைத்திருக்கும் மென்பொருளின் லினக்ஸ் இயங்குதளப் பதிப்புக்கு ஏஏசியைத் திறக்கத் தெரியவில்லை. காசு கொடுத்து வாங்கிய பதிப்பு. கண் இருந்தது, காது இல்லை. அதைக்கூட மன்னித்துவிடலாம். “இந்த ஒலியை என்னால் திறக்க முடியவில்லை” என்று ஒரு வரி எழுதிக் காட்டாமல் பேசாமல் இருந்துவிட்டதே, அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கோப்புகளை வடிவம் மாற்றும் எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருள் கைகொடுத்தது. படத்தைத் தொடாமல் அப்படியே பிரதி எடுத்து, ஒலியை மட்டும் சுருக்காத பிசிஎம் ஆக்கி, மூவ் கோப்பாகச் சேமிக்கச் சொன்னேன். படம் மறுபடி சுருக்கப்படுவதில்லை என்பதால் தரம் குறையாது, நேரமும் அதிகம் எடுக்காது. மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணி நேரம்வரை போன ஆண்டு அது; மின்சாரம் இருக்கும் நேரத்துக்குள் வேலை முடிந்தது பெரிய ஆறுதல். விலை, வன்தட்டில் இடம். 48 கிலோஹேர்ட்ஸ், 16 பிட், இரண்டு சனல் என்றால் நிமிடத்துக்கு 11.5 மெகாபைட். எட்டு மணி நேரக் கூத்துக்கு ஒலி மட்டுமே ஐந்தரை கிகாபைட் பிடிக்கும். ஒலி வந்த பிறகு இரண்டு கமராக்களையும் அலைவடிவத்தைக் கொண்டு மென்பொருள் தானாகவே ஒத்திசைத்துவிட்டது. அந்த வேலையில் அதைக் குறை சொல்ல முடியாது. மறுநாள் அண்ணாவியார் முழுவதையும் கேட்டுவிட்டு, ஒரு பாத்திரம் களரிக்கு வரும் வரவில் தாளம் தப்பியிருக்கிறது என்று தன் ஆட்களைத்தான் ஏசினார்.

அடுத்த வருடம் இதைவிட விசித்திரமான ஒன்று. ஆரையம்பதியில் ஒரு கலியாண வீடு. வாழ்த்துரைகளுக்காக ஒலிபெருக்கிக்காரரின் மிக்சரிலிருந்து நேரடியாகக் கமராவுக்குக் கம்பி எடுத்தேன். எனக்கு ஹெட்போனில் எல்லாம் கேட்டது. குரல் மட்டும் தலைக்குப் பின்னால் நின்று பேசுவதுபோல இருந்தது. கனடாவில் இருக்கும் மாமா தொலைபேசியில் பார்த்துவிட்டு, ஒருவர் பேசியதும் கேட்கவில்லை என்றார். அலைவடிவத்தைப் பெரிதாக்கினேன். இடது சனலில் மேடு உள்ள இடமெல்லாம் வலது சனலில் பள்ளம். அந்த மிக்சரின் வெளியீட்டில் ஒரே ஒலி இரண்டு கம்பிகளில், ஒன்றுக்கொன்று தலைகீழாக வரும். கமராவின் ஸ்டீரியோ துளை அவற்றை இடது, வலது என்று எடுத்துக்கொண்டுவிட்டது. ஒற்றை ஸ்பீக்கர் உள்ள தொலைபேசி இரண்டையும் கூட்டினால் விடை பூச்சியம். கிளிப்பின் ஒலி அமைப்பில் இரு பக்கத்துக்கும் இடது சனலையே கொடுத்ததும் மாமாவுக்கும் கேட்டது. கம்பியையும் மாற்றிவிட்டேன்.

வாட்ஸ்அப்பில் வரும் குரல் வாழ்த்துகள் ஓபஸ் என்ற இன்னொரு சுருக்கிய வடிவில் இருக்கும். அவற்றையும் சுருக்காத வேவ் கோப்பாக்கித்தான் சேர்க்கிறேன். இன்னொன்றைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒருநாள் சத்தம் வரவில்லை என்று அரை மணி நேரம் எல்லா அமைப்புகளையும் புரட்டிக்கொண்டிருந்தேன். அம்மா குசினியிலிருந்து, “இங்கே என்ன ஒரே மத்தளச் சத்தம்?” என்றார். ஒலி முழுவதும் அங்கிருந்த புளூடூத் ஸ்பீக்கருக்குப் போய்க்கொண்டிருந்தது.

மென்பொருளை மாற்றும் எண்ணம் இல்லை. தீப்பந்த வெளிச்சத்தில் எடுத்த காட்சிகளுக்கு அது தரும் நிறத் திருத்தத்துக்குப் பழகிவிட்டேன். ஆனால் டைம்லைனில் பச்சைப் பட்டையைக் காணும்வரை எந்த மெமரி கார்டையும் அழிப்பதில்லை. இந்த முறை கூத்துக்கு ஒலிக்கென்று தனியாக ஒரு ரெக்கோடர் வாங்கியிருக்கிறேன், வேவ் கோப்பாகவே பதிவது. அதை மத்தளக்காரருக்குப் பக்கத்தில் வைக்க அண்ணாவியாரிடம் இன்னும் அனுமதி கேட்கவில்லை.